நேற்று பாடியதை இன்றும் பாடலாமா

1997 சித்திரையில் எங்கள் குழுவுக்கு அடுத்தடுத்து இரண்டு ராத்திரி நிகழ்ச்சி. சனிக்கிழமை கருங்கல் பக்கம் ஒரு சர்ச் திருவிழா. மறுநாள் அங்கிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி ஓர் அம்மன் கோயில் கொடைவிழா. நான் அந்த இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசித்தேன். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒரு ராத்திரிக்கு நூற்றைம்பது ரூபாய், இடைவேளையில் கட்டன்சாயா, முடிந்ததும் சாப்பாடு.

சனிக்கிழமை 28 பாட்டு வாசித்தோம். ஞாயிற்றுக்கிழமையும் 28. முதல் பாட்டு மட்டும் மாறியது. முதல் நாள் மாதா பாட்டு, மறுநாள் பிள்ளையார் பாட்டு. மற்ற 27 பாட்டும் அதேதான், வரிசையும் அதேதான். வேறு ஊர், வேறு கமிட்டி, வேறு கூட்டம் என்பதால் அதைத் தப்பு என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. எல்லாக் குழுவும் அப்படித்தான் செய்தது.

மேடைக்கு இடதுபுறம் ட்யூப்லைட் கட்டிய கம்பத்தடியில் ஒரு பையன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். முந்தின நாள் சர்ச் மைதானத்திலும் அதேபோல ஒரு கம்பத்தடியில் நின்றவன்தான். ஐந்தாவது பாட்டு முடிந்து நாங்கள் தொடங்குவதற்குள் அடுத்த பாட்டின் தாளத்தை சைக்கிள் சீட்டில் தட்டினான். அதற்கடுத்த பாட்டுக்கும் தட்டினான். இடைவேளையில் மேடை ஓரம் வந்து என்னிடம் கேட்டான்: “நேத்தும் இதேதானே அண்ணே பாடுனிய?”

குறை சொல்லும் குரல் இல்லை அது. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டான். ஆனால் பக்கத்தில் கீபோர்டு வயரைச் சரி பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மாஸ்டரின் காதில் அது விழுந்துவிட்டது. அன்றைக்கு வேனில் திரும்பும்போது அவர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: “அந்தப் பயல் கேட்டத கேட்டியளா மக்களே. அவன் நாளைக்கும் வருவான். இனிமே பக்கத்து ஊருன்னா ஒம்பது பாட்டாவது மாறணும்.” ஏன் ஒன்பது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பாடகர்களும் நாங்களும் சேர்ந்து ஒரு வாரத்தில் புதிதாக ஒத்திகை பார்க்க முடிந்தது அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. ராக் இசைக்குள் நான் வந்தபோதும் முதலில் தேடியது அதைத்தான். ஒரு பேண்ட் இன்றைக்கு வாசித்ததை நாளைக்கும் வாசிக்குமா? எவ்வளவு மாற்றும்? ஏன் மாற்றும், ஏன் மாற்றாது?

எனக்கு இதில் பதில் சொல்லத் தொடங்கியது கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் பேண்ட். கூட்டுக்காரன் ஒருவனுடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்த கேசட்டுகளில் அவர்களுடையது ஒன்று. பிற்பாடு நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தைத் திறந்தபோது திகைத்துப்போனேன். அவர்களுடைய நிகழ்ச்சிகள் தேதிவாரியாக, வருடம் வருடமாக, ரசிகர்கள் பதிவுசெய்த ஒலியோடு அங்கே இருந்தன. 1965 முதல் 1995 வரை முப்பது வருடத்தில் ஏறத்தாழ 2,300 நிகழ்ச்சிகள். ஒரே பட்டியலை இரண்டு ராத்திரி வாசிக்கும் பழக்கமே அவர்களுக்கு இல்லை. பெரும்பாலும் முன்கூட்டி லிஸ்ட் எழுதுவதும் இல்லை. மேடையில் நின்றபடியே அடுத்தது என்ன என்று ஒருவரை ஒருவர் பார்த்து முடிவு செய்துகொண்டார்கள்.

1977 மே 7-ம் தேதி பாஸ்டனில், 8-ம் தேதி கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில், 9-ம் தேதி பஃபலோவில் வாசித்தார்கள். மூன்று ராத்திரி, மூன்று ஊர். கார்னெல் நிகழ்ச்சி அவர்களுடைய மிகச் சிறந்த ராத்திரிகளில் ஒன்று என்று ரசிகர்கள் இன்றுவரை பேசுகிறார்கள். நான் கார்னெல் பட்டியலையும் பஃபலோ பட்டியலையும் ஒரு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ஏறத்தாழ இருபது பாட்டு. பொதுவாக வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இத்தனை பெயர் வாங்கித் தந்த ராத்திரிக்கு மறுநாள், அந்த வெற்றியை அப்படியே தூக்கிக்கொண்டு போகாமல், கிட்டத்தட்ட முழுக்க வேறொன்றை வாசித்திருக்கிறார்கள். எங்கள் 27 பாட்டு எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தத் துணிச்சல் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். திறமை ஒரு காரணம்தான். ஆனால் முதல் காரணம் திறமை இல்லை என்று இப்போது நினைக்கிறேன். அவர்களுடைய ரசிகர்கள் வேனிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராகப் பின்னால் வந்தார்கள். பார்க்கிங் மைதானத்தில் கடை போட்டு, பனியன் விற்று, அந்தக் காசில் அடுத்த ஊர் டிக்கெட் வாங்கினார்கள். வந்தவர்கள் மைக் நட்டு ஒலிப்பதிவும் செய்தார்கள். 1984 அக்டோபரில் பேண்டே அவர்களுக்கென்று அரங்கில் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது. அந்த டேப்புகள் கைமாறிக் கைமாறி நாடெங்கும் போயின. ஆக, மேடையில் நிற்பவர்களுக்கு ஒன்று தெளிவாகத் தெரியும். நேற்று வந்தவன் இன்றும் எதிரே நிற்கிறான், வராதவனும் நாளைக்கு டேப்பில் கேட்டுவிடுவான். கருங்கல்லில் எங்களுக்குக் கம்பத்தடியில் ஒரு பையன் இருந்தான். அவர்களுக்கு ஆயிரக்கணக்கில் கம்பத்தடிப் பையன்கள்.

நாளைக்கு யார் வரப்போகிறார்கள் என்று ஒரு பேண்ட் நினைக்கிறதோ, அதுதான் அதன் லிஸ்டை எழுதுகிறது. இந்த ஓர் எண்ணத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் பல பேண்டுகளின் வழக்கம் எனக்குப் புரிந்தது.

மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே லிஸ்ட் போடுவது டிரம்மர் லார்ஸ் உல்ரிக். ஓர் ஊருக்குப் போகுமுன் அந்த ஊரில் போன தடவை என்ன வாசித்தோம் என்று எடுத்துப் பார்ப்பார். அதாவது அவர் மனதில் இருக்கிற ஆள், ஊர் ஊராகப் பின்னால் வருபவன் இல்லை. அதே ஊரில் இருந்துகொண்டு சில வருடத்துக்கு ஒருமுறை டிக்கெட் வாங்குபவன். 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் அதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். ஒரே ஊரில் இரண்டு ராத்திரி, ஒரு பாட்டும் திரும்ப வராது என்று சொல்லியே டிக்கெட் விற்றார்கள்.

ஆனால் கணக்குப் பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். அடுத்தடுத்த இரண்டு ராத்திரியில் எத்தனை பாட்டு பொது என்று மட்டும் எண்ணினால் மெட்டாலிகாவுக்குப் பூஜ்யம் வரும். அந்தக் கணக்கில் கிரேட்ஃபுல் டெட்டைவிட அவர்கள்தான் அதிகம் மாற்றுகிறவர்கள் என்று ஆகிவிடும். அடுத்த ஊரின் முதல் ராத்திரியை, போன ஊரின் முதல் ராத்திரியோடு வைத்துப் பாருங்கள். நிறையப் பாட்டுகள் மறுபடியும் வந்து நிற்கும். இரண்டு செட் உடுப்பை மாற்றி மாற்றித் துவைத்துப் போடுகிற மாதிரி. அதனால் நான் ஒரு பேண்டை அளக்கும்போது நேற்றையும் இன்றையும் மட்டும் பார்ப்பதில்லை. நேற்று முன்தினம், அதற்கு முந்தின நாள் என்று நாலைந்து ராத்திரி பின்னால் போவேன். எவ்வளவு தூரம் பின்னால் போனாலும் பொதுவான பாட்டுகளின் எண்ணிக்கை ஏறாமல் இருந்தால், அந்தப் பேண்டின் கைவசம் இருக்கும் பாட்டுகள் உண்மையிலேயே ஏராளம்.

அந்தச் சோதனையில் ஃபிஷ் பேண்டை யாரும் பிடிக்க முடியாது. 2017-ல் ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 6 வரை நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 ராத்திரி வாசித்தார்கள். அந்தப் பதின்மூன்றிலும் ஒரு பாட்டுகூடத் திரும்ப வரவில்லை. மொத்தம் 237 பாட்டு. நான் இந்த எண்ணை முதலில் படித்தபோது, எங்கள் குழுவின் நோட்டேஷன் நோட்டில் மொத்தம் எத்தனை பாட்டு இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். நூறைத் தாண்டியிருக்காது. நாங்கள் வாசித்ததோ அடுத்தவர்களுடைய சினிமாப் பாட்டு. அவர்கள் வாசித்ததில் பெரும்பகுதி தாங்களே எழுதியது.

பேர்ல் ஜாம் இதற்குள் வேறு வழியில் வந்தார்கள். 2000-ம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தாங்களே பதிவுசெய்து தனித்தனி ஆல்பமாக வெளியிட்டார்கள். மொத்தம் 72 ஆல்பம். ஒவ்வொரு ராத்திரியும் கடையில் சிடியாக நிற்கப்போகிறது என்றால் ஒன்றுபோல இன்னொன்று இருக்க முடியாது. பாடகர் எடி வெட்டர் நிகழ்ச்சிக்கு முன்பு உட்கார்ந்து அன்றைய லிஸ்டைக் கையால் எழுதுவார். என் மாணவர்களுக்கு நான் காட்டுகிற படங்களில் அந்தக் காகிதத்தின் படமும் உண்டு.

மாற்றாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் எனக்கு அவர்கள்மேல் மரியாதை இல்லை. சோம்பல் என்று நினைத்தேன். அது தப்பு.

எங்கள் குழுவிலேயே அதற்கான முதல் பாடம் இருந்தது. ஆக்டோபேட் (கோலால் தட்டி வாசிக்கும் எலெக்ட்ரானிக் தாளக் கருவி) வாசித்தவர் ஒவ்வொரு பாட்டுக்கும் வேண்டிய ஒலிகளை முன்கூட்டியே வரிசையாகப் போட்டு வைத்திருப்பார். நடுவில் ஒரு பாட்டை மாற்றினால் அவர் கை தடுமாறும். இப்போதைய பெரிய மேடைகளில் விளக்கு, திரையில் ஓடும் படம், தீ, புகை எல்லாம் பாட்டின் ஒவ்வொரு நொடியோடும் சேர்த்துப் பின்னப்பட்டிருக்கின்றன. பாட்டை மாற்றினால் நூற்றுக்கணக்கான பேரின் வேலையை மாற்ற வேண்டும். லாஸ் வேகாஸின் ஸ்ஃபியர் அரங்கில் 2023 செப்டம்பர் முதல் 2024 மார்ச் வரை யூ டூ (U2) பேண்ட் 40 ராத்திரி வாசித்தார்கள். தலைக்குமேல் வளைந்து நிற்கும் அந்தப் பிரம்மாண்டத் திரைக்கென்று செய்த படங்களோடு வாசித்த பாட்டுகள் நிலையாக இருந்தன. நடுவில் திரையின் ஆட்டம் அடங்கி, அவர்கள் எளிமையாக வாசிக்கும் சில பாட்டுகளில்தான் மாற்றம் வந்தது. மாற்றம் எங்கே நுழைய முடியும் என்பதை அந்த இடைவெளி அழகாகக் காட்டுகிறது. பாட்டோடு எதுவும் கட்டப்படாத இடத்தில்தான் அது நுழையும்.

2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே நவி மும்பையில் மூன்று ராத்திரியும் அகமதாபாத்தில் இரண்டு ராத்திரியும் வாசித்தார்கள். கடைசி ராத்திரியான ஜனவரி 26 நிகழ்ச்சியை நேரலையில் தக்கலையில் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கூட்டத்தில் எல்லோர் மணிக்கட்டிலும் ஒளிரும் பட்டை. பாட்டுக்குத் தகுந்தபடி அரங்கம் முழுக்க நிறம் மாறியது. நிகழ்ச்சியே நாலு பாகமாக வகுக்கப்பட்டது. அப்படிப்பட்ட கட்டமைப்பில் பட்டியல் பெரும்பாலும் நிலையாகத்தான் இருக்கும். ஆனால் அன்று குடியரசு தினம் என்பதால் அவர்களுடைய பாடகர் கிறிஸ் மார்ட்டின் வந்தே மாதரம் பாடினார். எதிரே இருப்பவர்கள் யார் என்று பார்த்து அன்றைக்கென்று வைத்த பாட்டு அது. எங்கள் மாஸ்டர் சர்ச்சில் மாதா பாட்டும் கோயிலில் பிள்ளையார் பாட்டும் வைத்தது மாதிரிதான்.

நிலையான பட்டியலுக்கு இன்னொரு காரணம் உண்டு. அதை எனக்குப் புரியவைத்தது வில்லுப்பாட்டு.

எங்கள் பக்கத்துக் கொடைகளில் வில்லுப்பாட்டு இல்லாமல் எதுவும் நகராது. வில், உடுக்கு, குடம், தாளம், கட்டை. நடுவில் புலவர் உட்கார்ந்து வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாடுவார். எந்தச் சாமிக்குக் கொடையோ அந்தச் சாமியின் கதையைப் பாடியே ஆக வேண்டும். இசக்கியம்மன் கோயிலில் இசக்கி கதை. அது பிறப்பில் தொடங்கி, கொடுமை வழியாகப் போய், சாவுக்கு வந்து, தெய்வமாவதில் முடியும். இந்த வரிசையைக் குலைக்க முடியாது. இசக்கி சாகும் இடத்தை முதலில் பாடிவிட்டுப் பிறப்பைப் பிறகு பாடலாமா? கேட்பவர்களுக்கும் கதை முழுக்கத் தெரியும், வருடா வருடம் கேட்டவர்கள்தான். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். ஏனென்றால் கதை மாறாவிட்டாலும் பாடுவது மாறும். சாமியாடுகிறவர் இன்னும் தயாராகவில்லை என்றால் புலவர் ஓர் இடத்தை இழுத்து இழுத்துப் பாடுவார். உடுக்குக்காரரோடு பேச்சுக் கொடுப்பார். சாமி வந்துவிட்டால் கதையை அப்படியே நிறுத்திவிட்டு, சாமி வரும்போது பாடும் வரத்துப்பாட்டுக்குப் போய்விடுவார். சின்ன வயதில் பாட்டியோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஒரே கதைக்கு ஒரு வருடம் இரண்டு மணி நேரம், இன்னொரு வருடம் நாலு மணி நேரம்.

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனை நான் புரிந்துகொண்டது இதன் வழியாகத்தான். அவர் பல வருடம் தாராளமாக மாற்றியவர். ரசிகர்கள் அட்டையில் பாட்டுப் பெயர் எழுதித் தூக்கிப் பிடிப்பார்கள். அவர் இறங்கிப் போய் அட்டைகளை வாங்கி மேடையில் பரப்பி, ஒன்றை எடுத்துக் கூட்டத்துக்கும் பேண்டுக்கும் காட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கிவிடுவார். (எங்களுக்குத் துண்டுச் சீட்டு வரும். கமிட்டித் தலைவரின் சீட்டு என்றால் தெரியாத பாட்டைக்கூட ஒருமாதிரி சமாளித்து வாசித்திருக்கிறோம்.) அப்படிப்பட்டவர் 2023 பிப்ரவரி 1-ம் தேதி டாம்பாவில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் பட்டியலைப் பெரும்பாலும் நிலையாக வைத்தார். பழைய ரசிகர்கள் பலருக்கு வருத்தம். நான் அந்தப் பட்டியலைக் கவனித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு இடத்தில், தான் 1965-ல் சேர்ந்த முதல் பேண்டில் இப்போது உயிரோடு இருப்பது தான் ஒருவன் மட்டும்தான் என்று சொல்லி அதைப் பற்றிய பாட்டைப் பாடுகிறார். கடைசியில் பேண்டை அனுப்பிவிட்டுத் தனியாக ஒரு கிட்டாரோடு நின்று, இறந்தவர்களை நினைத்து எழுதிய பாட்டோடு முடிக்கிறார். அது ஒரு கதை. வரிசையைக் கலைத்தால் கதை போய்விடும். அந்தச் சுற்றில் அவர் செய்தது புலவரின் வேலை.

இங்கிருந்து பார்க்கும்போது, எத்தனை பாட்டு மாறியது என்ற என் பழைய கணக்கே போதாது என்று தோன்றுகிறது. பாப் டிலன் 1988 ஜூன் 7-ல் கலிஃபோர்னியாவின் கான்கார்டில் தொடங்கிய, ‘முடியாத பயணம்’ (நெவர் எண்டிங் டூர்) என்று பெயர் பெற்ற பயணத்தில் நெடுங்காலம் ராத்திரிக்கு ராத்திரி பட்டியலை மாற்றிக்கொண்டிருந்தார். 2013 வாக்கில் ஏறத்தாழ ஒரே பட்டியலுக்கு வந்துவிட்டார். ஆனால் பாட்டின் நடையை, தாளத்தை, சில நேரம் மெட்டையே மாற்றுவதை விடவில்லை. இரண்டாவது வரி வந்த பிறகுதான் இது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க முடிந்த தருணங்கள் எனக்கு உண்டு. காகிதத்தில் எழுதினால் மாற்றம் பூஜ்யம். காதில் கேட்டால் அப்படி இல்லை. கிரேட்ஃபுல் டெட்டிலோ இது தலைகீழ். பாட்டுகள் மாறும், ஆனால் இரண்டாம் பகுதியின் நடுவில் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் ஓர் இடமும், அதைத் தொடர்ந்து உருவமே இல்லாத ஒலிகளாய் அலையும் ஓர் இடமும் பிற்காலத்தில் தினமும் வந்தன. ரசிகர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். நம்மூரில் உச்சிக்கொடைக்குக் காத்திருப்பதுபோல.

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், இன்றைக்கும் மாற்றுகிறவர்கள்தான். மேடையில் ஒருவர் திரும்பிப் பார்த்து ஒரு பாட்டைச் சொல்ல, மற்றவர்கள் ஒரு கணம் தயங்கி, அப்புறம் தொடங்குவார்கள். அந்த ஒரு கணம் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. அதில் தப்பு வரும். வரட்டும்.

அதே நேரம், வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் பாட்டு கேட்கிற ஊரையும் நான் பார்த்திருக்கிறேன். மேற்கே களியக்காவிளைப் பக்கம் போனால் நாலைந்து மலையாளப் பாட்டு கட்டாயம் வேண்டும். கிழக்கே தோவாளைப் பக்கம் பழைய எம்.ஜி.ஆர். பாட்டு இல்லாமல் மேடையை விட்டு இறங்க முடியாது. வரி பிரித்துப் பணம் கட்டியவர்கள் அவர்கள். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவுக்கு நேற்று பக்கத்து ஊரில் என்ன பாடினோம் என்பது ஒரு பொருட்டே இல்லை. அவர் எதிர்பார்த்து வந்த பாட்டு வராமல் போனால் அடுத்த கொடை வரை காத்திருக்க வேண்டும். கம்பத்தடிப் பையனுக்கு ஒரு நியாயம், பாய் விரித்த அம்மாவுக்கு ஒரு நியாயம். 28-ல் ஒன்பதை மாற்றி 19-ஐ வைத்துக்கொண்டது அந்த இரண்டு நியாயத்துக்கும் நடுவில் மாஸ்டர் கண்டுபிடித்த எண் என்று இப்போது தோன்றுகிறது.

மாஸ்டர் மூன்று வருடத்துக்கு முன்பு இறந்துபோனார். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனபோது அவருடைய மனைவி, “உனக்குத்தான் இது பிரயோஜனப்படும்” என்று நீளமான ஒரு கணக்கு நோட்டைக் கொடுத்தார். அட்வான்ஸ் பணம், வேன் வாடகை எழுதுகிற நோட்டு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். பணக் கணக்கும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஊர்ப்பெயர், தேதி, அதன் கீழே அன்று வாசித்த பாட்டுகளின் வரிசை. முந்தின ராத்திரி வாசித்தது நீல மையில், புதிதாகச் சேர்த்தது சிவப்பு மையில். லார்ஸ் உல்ரிக்கைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை.

1998 மாசியில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறார்: “கம்பத்தடிப் பயல் வந்தான். 9 புதுசு.” அந்த வருடம் சித்திரையில் மறுபடியும் அதே குறிப்பு. ஆவணியில் ஒன்று. 1999 வைகாசியில், குளச்சல் பக்கம் அடுத்தடுத்த இரண்டு ராத்திரியில் இரண்டாவதுக்கு நேரே, “பயல் வரல” என்று இருக்கிறது.

சிவப்பு மையில் எழுதியிருந்ததை எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கும் ஒன்பது.